மண்ணுக்குள் கிடைத்த பழைய உலோகத் துண்டு: என்னவென்று கண்டுபிடிப்பது எப்படி?

கண்மாயில் வண்டல் அள்ளும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, ஆன்லைனில் வாங்கிய மெட்டல் டிடெக்டரைத் தோட்டத்தில் ஓட்டிப் பார்க்கும்போதோ துருப்பிடித்த ஒரு துண்டு கையில் வந்துவிட்டால், நம்மாட்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வருஷம் பழசு?" என்பது, அடுத்தது "எவ்வளவுக்குப் போகும்?" என்பது. இரண்டுக்கும் அந்த நேரத்தில் பதில் கிடைக்காது. "இது என்ன வேலை பார்த்த பொருள்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்கும். அந்த வேலை தெரிந்துவிட்டால் காலமும் மதிப்பும் கொஞ்ச நேரத்தில் தானாகவே பிடிபடும்.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கீழடி இங்கிருந்து கூப்பிடு தூரம், அதனால் எது கிடைத்தாலும் சங்க காலம் என்று மனசு ஓடிவிடும். ஆனால் வயலிலும் வண்டிப்பாதையிலும் மேல்மண்ணில் கிடைப்பதில் பெரும்பங்கு கடந்த இருநூறு வருஷத்து மாட்டு வண்டி, ஏர், கிணறு, அடுப்படிச் சாமான்கள்தான். என்னைக் கேட்டால் அதுதான் சுவாரசியமே, ஏனென்றால் அதைச் சொல்லத் தெரிந்த ஆட்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

முதலில் டிடெக்டர் என்ன சொல்கிறது, என்ன சொல்லாது என்று பார்த்துவிடலாம். அதன் வட்டச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சின்னச் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது திருப்பி ஒரு காந்தப்புலத்தைக் கொடுக்கும். அந்தப் பதில் எவ்வளவு தாமதமாக, எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை வைத்துத்தான் திரையில் ஓர் எண் வருகிறது. வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் எண் பெரிதாக வரும், சின்ன இரும்பு ஆணிக்குச் சிறிதாக வரும். ஆனால் அந்த எண் உலோகத்தின் பெயர் கிடையாது. மெல்லிய தங்க மோதிரமும், கசக்கிப் போட்ட மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டக்கூடும். பெரிய இரும்புத் தகடு சில நேரம் வெள்ளி மாதிரி நடிக்கும். காசளவுப் பொருளைச் சாதாரணக் கருவி ஒரு சாண் ஆழத்துக்குள்தான் நம்பகமாகக் காட்டும். நம் பக்கத்துச் செம்மண்ணிலும், ஆற்று மணலில் கருப்பாகக் கோடு போட்டுக் கிடக்கும் இரும்புத் தாது மணலிலும் கருவி சும்மாவே கத்தும். அதனால் மண்ணுக்கு ஏற்றபடி அதைச் சரிசெய்துகொள்ளாமல் நடக்க ஆரம்பிக்காதீர்கள்.

சரி, பொருள் வெளியே வந்துவிட்டது. இனி செய்யக்கூடாதது ஒன்று உண்டு: விளக்குவது. புளி, எலுமிச்சை, சபீனா, ஆசிட், கம்பி பிரஷ், எதுவும் வேண்டாம். செம்பின் மேலிருக்கும் பச்சைக் களிம்பிலேதான் பெரும்பாலும் எழுத்தும் உருவமும் பதிந்து நிற்கும்; அதைத் தேய்த்து எடுத்தால் அடியில் வருவது மொட்டைத் தகடு. மெல்லிய தூரிகையால் காய்ந்த மண்ணை மட்டும் தட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கெட்டியான அடர்பச்சை என்றால் பயமில்லை. வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்கிறது என்றால் உள்ளே குளோரைடு உப்பு வேலை செய்துகொண்டிருக்கிறது, ஈரம் பட்டால் அது உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள். இரும்புக்கும் இதே கதிதான். மண்ணுக்குள் நூறு வருஷம் சும்மா கிடந்தது வெளியே வந்த சில மாதத்தில் ஆரஞ்சு நிறத் துளி துளியாகக் கசிந்து செதில் செதிலாக உரிந்துவிடும்.

அடுத்து என்ன உலோகம் என்று பார்க்க வேண்டும். பச்சைக் களிம்பு என்றால் செம்பு, பித்தளை, வெண்கலம் மூன்றில் ஒன்று. காவி நிறத் துரு என்றால் இரும்பு. சாம்பலும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், அளவுக்கு மீறிக் கனமாக, நகத்தால் கீறினால் கோடு விழுந்தால் காரீயம். கருத்துப்போயிருந்தால் வெள்ளியாக இருக்கலாம். தங்கம் மட்டும்தான் மண்ணுக்குள் போனபடியே மஞ்சளாகத் திரும்பி வரும். காந்தம் வைத்துப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்: முழுக்கத் துருவாகிவிட்ட இரும்பைக் காந்தம் சரியாக இழுக்காது, 1947-ஆம் வருஷத்து நிக்கல் ஒரு ரூபாயையோ நன்றாகவே இழுக்கும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? சமையலறை டிஜிட்டல் தராசு போதும். முதலில் பொருளை எடை போடுங்கள், 84 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, பொருளை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது 10 காட்டினால் அந்தப் பொருளின் கன அளவு 10 கன செ.மீ. 84-ஐ 10-ஆல் வகுத்தால் 8.4. இது பித்தளை இருக்கும் இடம். அலுமினியத்துக்கு 2.7, துத்தநாகத்துக்கு 7.1, இரும்புக்கு 7.9, சுத்தச் செம்புக்கு 8.9, வெள்ளிக்கு 10.5, காரீயத்துக்கு 11.3, தங்கத்துக்கு 19.3. களிம்பும் துருவும் ஏறியிருந்தால் விடை கொஞ்சம் குறைந்து வரும். விரிசல் விட்ட இரும்பை மட்டும் தண்ணீரில் நனைக்காதீர்கள். 2.7 வந்துவிட்டால் பாண்டியன், சோழன் பேச்சையெல்லாம் அங்கேயே விட்டுவிடலாம். அலுமினியப் பாத்திரம் நம் மாகாணத்துக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

இப்போது வேலைக்கு வருவோம். நம் வட்டாரத்தில் "இது என்ன?" என்று அதிகம் குழப்புவது, விரல் நீளத்தில் பிறை மாதிரி வளைந்து, ஓரத்தில் வரிசையாக மூன்று நாலு ஓட்டையோடு இருக்கும் தட்டை இரும்பு. சினிமாவில் குதிரை லாடத்தைப் பார்த்தே பழகியதால், இதைப் பார்த்ததும் உடைந்த ஆயுதம், நகை, பூட்டின் பாகம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். இது மாட்டு லாடம். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு அடிக்க வேண்டும், நாலு காலுக்கும் அடித்தால் எட்டு. பழைய வண்டிப்பாதையிலும் சந்தைத் திடலிலும் இவை கிடைக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

அடுத்தது "ஈட்டி முனை". முக்கால்வாசி நேரம் அது ஏர்க் கொழு. கொழு ஒரு கனத்த இரும்புப் பட்டை, நுனி கூராக, ஒரு பக்கம் மட்டும் மண்ணில் தேய்ந்து வழவழவென்று, கூரே ஒருபுறமாகச் சாய்ந்து இருக்கும். ஈட்டி இரண்டு பக்கமும் சமமாக இருக்கும், நடுவில் பெரும்பாலும் ஒரு தண்டு ஓடும், அடியில் மரக்காம்பு செருகக் குழலோ, காம்புக்குள் இறக்க முள்ளோ இருக்கும். தேய்மானத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. இன்னொரு உதாரணம் இரும்பு வளையம். இரண்டு விரல் அகலத்தில் குழாய் மாதிரி இருந்து, ஒரு விளிம்பு மட்டும் அடிபட்டு வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தால் உலக்கைப் பூண். அதைவிடப் பெரிதாக, பிதுங்கல் இல்லாமல் இருந்தால் வண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டையான குடத்தின் பூண். தலை தடித்து, உடம்பு ஒரு சாணுக்குக் குறைவாக, ஒரே இடத்தில் மட்டும் உராய்ந்து இளைத்துப்போன ஆணி என்றால், வண்டிச் சக்கரம் கழலாமல் அச்சு முனையில் செருகும் கடையாணி. மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கமலைக் கிணறு இருந்த மேட்டில், தண்ணீர் மொள்ளும் சாலின் வாய் வளையமும் உருளையின் அச்சுக் கம்பியும் கிடைக்கும். கமலை இறைத்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தால் பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

கூம்பு மாதிரி உள்ளே பொள்ளலான பித்தளைத் துண்டு, நுனியில் சின்னக் குமிழ் இருந்தால் மாட்டின் கொம்புக்கு மாட்டும் குப்பி. அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கையில் பிடிக்கும் நீளத்தில் மெல்லிய இரும்புக் கம்பி, ஒரு முனை ஊசி, மறுமுனை தட்டையாக இலை மாதிரி அல்லது சின்னக் கத்தி மாதிரி இருந்தால் எழுத்தாணியாக இருக்கலாம். ஓலையை நறுக்கத்தான் அந்தக் கத்தி. அதே அளவில், செம்பில், முனை கூராக இல்லாமல் உருண்டு இருந்தால் கண்ணுக்கு மை தீட்டும் கோலா என்று பாருங்கள். தமிழகத்து அகழாய்வுகளிலும் இந்தக் கோல்கள் கிடைத்திருக்கின்றன.

அடையாளமே இல்லாத ஒரு வட்ட இரும்புக் கட்டியோ பித்தளை வில்லையோ கிடைத்தால் எடையைப் பாருங்கள். மெட்ராஸ் மாகாண அளவையில் 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை. கிராமில் சொன்னால் பலம் 35, சேர் 280, வீசை 1400. உங்கள் கட்டி 138 கிராம் இருந்தால் அது தேய்ந்துபோன நாலு பலம் படிக்கல்லாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இல் வந்து, அதற்கடுத்த சில வருஷங்களில் கடைகள் கிலோவுக்கு மாறியதால், பழைய படிக்கற்களை ஜனங்கள் மூலையில் போட்டுவிட்டார்கள். மதுரையைச் சுற்றிச் சந்தை கூடிய ஊர்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

எழுத்தும் கட்டமும் கீறிய செப்புத் தகடு கிடைத்தால் வீட்டில் ஒரே கலவரம் ஆகிவிடும். ஒரு கோஷ்டி செய்வினை என்று பயப்படும், இன்னொரு கோஷ்டி செப்பேடு என்று குதிக்கும். காகிதம் மாதிரி மெல்லிசாக, கட்டத்துக்குள் எழுத்தும் எண்ணும் இருந்தால் அது எந்திரத் தகடு. வீட்டு நிலையின் அடியிலோ தோட்டத்து மூலையிலோ காவலுக்குப் புதைத்திருப்பார்கள். சுருட்டிக் குழாய்க்குள் இருந்தால் தாயத்து. அரசர் கொடுத்த செப்பேடு தடித்த ஏடு, வரிவரியாக எழுத்து, ஏடுகளைக் கோக்க வளைய ஓட்டை இருக்கும். பாண்டியர்களின் சின்னமனூர்ச் செப்பேடு, வேள்விக்குடிச் செப்பேடு படங்களை ஒரு தடவை பார்த்துவிட்டால் இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

நகையில் ஒரே ஒரு எச்சரிக்கை. காதில் போடும் பழைய தண்டட்டி, பாம்படம் போன்றவை தங்கத் தகட்டுக்குள் அரக்கு அடைத்துச் செய்தவை. பார்க்கப் பெரிதாக, எடை குறைவாக இருக்கும், தண்ணீர்க் கணக்கும் ஏமாற்றும். லேசாக இருக்கிறதே என்று போலியாக நினைத்து நசுக்கிவிடாதீர்கள்.

காசு தனி உலகம், இங்கே மேலோட்டமாக மட்டும். நடுவில் ஓட்டையுள்ள செப்புக் காசு 1943 முதல் 1947 வரை வந்த காலணா. 1803, 1808 என்று வருஷம் போட்டு ஒரு பக்கம் சின்னமும் மறுபக்கம் பாரசீக எழுத்தும் இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய காசு. வி-ஓ-சி (VOC) என்ற மூன்று ஆங்கில எழுத்தும் பின்னிக் கிடந்தால் டச்சுக்காரர்களுடையது. செண்டுக்கு (நுனி வளைந்த கோலுக்கு) இரு பக்கமும் மீன், அல்லது "சோணாடு கொண்டான்" போன்ற எழுத்து இருந்தால் இடைக்காலப் பாண்டியர். அரபி எழுத்துள்ள சின்னக் காசு 14-ஆம் நூற்றாண்டு மதுரை சுல்தான்களுடையதாக இருக்கலாம். இன்னும் பின்னால் போனால், வட்டம் சதுரம் என்று ஒழுங்கில்லாமல், சூரியன் மாதிரித் தனித்தனி முத்திரைகள் குத்திய, மூன்றரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவான வெள்ளிக் காசு, கீழடியிலும் கிடைத்த வகை. மீன் பொறித்த சதுரச் செப்புக் காசு சங்ககாலப் பாண்டியர் வகை. "பெருவழுதி" என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பொறித்த சதுரக் காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியுலகுக்குக் கொண்டுவந்ததும் இந்தக் குடும்பத்தில்தான் சேரும். சட்டைப் பொத்தான் அளவுள்ள 4, 5-ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகளும் மதுரை வைகைப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. ஆனால் 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகமும் கம்பெனிப் பெயருமாக ஒன்று கிடைத்தால், அது புழங்கிய காசே இல்லை, பிற்காலத்தில் விற்பனைக்குச் செய்த வில்லை.

கோலிக்குண்டு அளவு சாம்பல் நிற உருண்டை கிடைத்தால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் பேரிங் குண்டு. ஒட்டாமல், 17 மில்லிமீட்டர் சொச்சம் விட்டத்தில் 30 கிராம் அளவுக்குக் கனத்தால் கம்பெனிக் காலத்துத் துப்பாக்கியின் ஈயக் குண்டாக இருக்கலாம். மதுரைக் கோட்டையைக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபும் 1763, 1764-இல் முற்றுகையிட்டு, கடைசியில் அதைப் பிடித்து வைத்திருந்த யூசுப் கானை (மருதநாயகத்தை)ப் பிடித்துச் சம்மட்டிபுரத்தில் தூக்கிலிட்டார்கள். கோட்டை மதிலை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன, ஆகவே ஊரின் அந்த வளையத்தில் கிடைத்தால் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. கண்மாய்க்குள் கிடைத்த ஈயத்துக்கு நடுவில் ஓட்டை இருந்தாலோ, தகட்டைச் சுருட்டியது மாதிரி இருந்தாலோ, அது மீன் வலையில் கட்டின ஈயம்.

கருப்பாக, கனமாக, குமிழ் குமிழாக ஓட்டை விழுந்த கல்லை விண்கல் என்று எடுத்துவருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது இரும்பு உருக்கிய கசடு, சிட்டக்கல். விண்கல்லில் அப்படிக் குமிழ் ஓட்டைகள் இருப்பது மிக அபூர்வம். ஏமாற வேண்டாம், ஆனால் தூக்கியும் எறிய வேண்டாம். சிட்டக்கல் ஒரே இடத்தில் நிறையக் கிடந்தால் அங்கே எந்தக் காலத்திலோ உலை இருந்திருக்கிறது என்று பொருள், ஒற்றைக் காசைவிட அது பெரிய செய்தி. அரிசியை இழுக்கிற செம்பு, இரிடியம் கலசம் என்று கோடிக்கணக்கில் விலை பேசிக்கொண்டு எவனாவது வந்தால் அது மோசடி, வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

மேலூர்ப் பக்கம் கல் குவாரிகளை ஒட்டி டிடெக்டர் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: சுண்டுவிரல் பருமனுக்கும் குறைவான, ஒரு முனை மூடிய அலுமினியம் அல்லது செம்புக் குழாய், வயர் ஒட்டிக்கொண்டோ இல்லாமலோ கிடந்தால் அது பாறை வெடிக்கும் தோட்டாவின் கேப்பாக இருக்கலாம். தொடாதீர்கள், சுரண்டாதீர்கள், தள்ளி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மூடி, அடியில் திரி ஓட்டையுள்ள குட்டைக் கனத்த இரும்புக் குழாய் கோயில் பக்கம் கிடைத்தால், பீரங்கி இல்லை, மருந்து கிட்டித்து வேட்டுப் போடுகிற குழாய். உள்ளே அடைத்துக்கொண்டு ஏதாவது இருந்தால் அதையும் நோண்டாதீர்கள்.

கடைசியாகச் சட்டம். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு மதிப்பு இருக்கும், எந்த இடம், எந்தத் தேதி. மறைத்தால் உங்கள் பங்கு போய்விடும், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. சொன்னால் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவாகி, நிலத்துக்காரரும் பங்கு கேட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால் என்பதே அந்தச் சட்டத்தின் கணக்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரச் சொல்கிறது. இதற்கு மேல், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருள்களுக்கு 1972-ஆம் வருஷத்துத் தனிச் சட்டம் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக்கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலும் அவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குள்ளும் தோண்டுகிற பேச்சே வேண்டாம், ஆகவே சமணர் மலை, யானைமலை, கீழடி போன்ற இடங்களுக்கு டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சிலையோ, முதுமக்கள் தாழியின் வாய் விளிம்போ, ஒரே இடத்தில் பல காசுகளோ தெரிந்தால் மேற்கொண்டு தோண்டாமல் வி.ஏ.ஓ.வுக்கோ தாசில்தாருக்கோ போன் போடுங்கள்.

எடுப்பதற்கு முன்னாலேயே பொருள் கிடந்த கிடையில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, செல்போனில் இருப்பிடம் பதிவாகும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழம், கூடவே பானை ஓடு, சிட்டக்கல், சாம்பல் எதுவும் இருந்ததா என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். வண்டிப்பாதையில் கிடைத்த வளையமும் தாழி உடைந்த மேட்டில் கிடைத்த வளையமும் பார்க்க ஒன்றாகவே இருக்கும், வித்தியாசம் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. காந்தி மியூசிய வளாகத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறை அலுவலகத்துக்கோ கேட்கப் போனால் படத்தையும் அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஏர், வண்டி சம்பந்தப்பட்டதாகத் தோன்றினால் அதற்கு முன்னால் உங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.